நாடகத் தகரம்

பயப்படுவதில் ஜீவனுக்கு நல்ல அனுபவம் உண்டு. அட்டைக்குப் பயம். கணித பாடத்துக்குப் பயம். ஹேவாஹெட்ட பஸ் கொண்டை வளைவில் திரும்பும்போது பின்சில்லு இன்னும் ரோட்டில்தான் இருக்கிறதா என்று பயம். இத்தனையையும் ஓர் இளிப்பில் மூடி மறைத்துப் பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டவன், கடைசியில் ஒரு துண்டுக் கூரைத் தகரத்திடம் மாட்டிக்கொண்டான்.

தகரம் தமிழ்த் தினப் போட்டி நாடகத்தோடு வந்தது. நாடகத்தின் பெயர் ‘மலையின் முறைப்பாடு’. எழுதியவர் நிஸாம் சேர். வத்தேகமயிலிருந்து விடியக் கிளம்பி, கண்டியில் பஸ் மாறி, தோட்டப் பாடசாலைக்குத் தமிழ் படிப்பிக்க வருகிறவர். பஸ்ஸில் அவருக்கு நிறைய நேரம் கிடைத்தது. அதனால் நாடகத்தில் நிறைய வசனம் கிடைத்தது.

மலையாக நடித்தது சுரேஸ், வகுப்பிலேயே பருமனானவன் என்ற ஒரே தகுதியில். பச்சைச் சாயம் முக்கிய உரச்சாக்கில் கை நுழைக்க ஓட்டை போட்டு, உடம்பெல்லாம் தேயிலைக் கிளைகளைச் செருகி, மேடை நடுவில் அவனை நிறுத்தியிருந்தார்கள். மரத்தை வெட்டினீர்கள், தண்ணீர்க் கானை அடைத்தீர்கள் என்று மலை முறையிட்டுக்கொண்டே இருக்கும். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். கடைசிக் காட்சியில் மலை மெல்லச் சாயத் தொடங்கும். அதைக் காவற்காரன் பார்த்துவிட்டு எச்சரிக்கை மணி அடிப்பான். அந்தக் காவற்காரன்தான் ஜீவன்.

“ஒனக்கு நல்ல பொருத்தம்டா,” என்றான் சுரேஸ். “மொதல்ல பயப்படுறவனத்தானே காவலுக்கு வைக்கணும்.”

முதல் ஒத்திகையில் பாடசாலை மணியையே அடித்தார்கள். ஜீவன் வேடத்தோடு ஒன்றிப்போய் அடித்ததில், முதலாம் வகுப்பு மொத்தமும் பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. கடைச் சந்தியில் வைத்து அவர்களை மடக்கித் திருப்பிக் கொண்டுவந்த அதிபர், இனி மணியில் எந்த நடிகன் கை வைத்தாலும் கையை முறிப்பதாக அறிவித்தார்.

அடுத்த நாள் நிஸாம் சேர் ஒரு தகரத்தைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்தார். கொண்டுவந்து மேடையில் போட்டபோது அது எழுப்பிய சத்தத்தில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

“பாத்தீங்களா?” என்றார் சேர், முகமெல்லாம் பல்லாக. “மணி அடிச்சா இஸ்கூல் விட்ட மாதிரி ஈக்கி. இதுதான் உண்மை. இதுக்குத்தான் சபை நடுங்கும்.”

ஜீவன் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தான்.

தகரத்தின் கதை தெரியாதவர் அந்தத் தோட்டத்தில் கிடையாது. போன கார்த்திகை அடைமழையில், ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் புறப்படும் நேரம், மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் இளகி வருவதை அங்கே குடியிருந்த தொழிலாளி காளிமுத்து கண்டார். கத்திப் பார்த்தார். மழை இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பாதி கழன்று தொங்கிய கூரைத் தகரத்தை அலவாங்குக் கம்பியால் அடி அடியென்று அடித்தார். மேல் லயம் முழுவதும் வெளியே ஓடிவந்தது. கொஞ்ச நேரத்தில் லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்று பத்திரிகை ஒரே வரியில் முடித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டத்துக்கு அதைவிட அதிகமான வரிகள் கிடைத்தன. அங்கே தகரம் அடிக்க ஆள் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்தில் ஒரு சட்டம் வந்தது. சவுக்கு மரத்தில் ஒரு தகரம் தொங்கும். அது அடிபட்டால் யாரும் ஏன், என்ன என்று கேட்கக் கூடாது. கைப்பிள்ளைகளும் வயசானவர்களும் முதலில், பிறகு மற்றவர்கள், எல்லாரும் பாடசாலைக் கிரவுண்டுக்குப் போய்விட வேண்டும். காளிமுத்துவை எச்சரிக்கைக் குழுவின் தலைவராக்கி, அலுவலகத்திலிருந்து ஒரு செம்மஞ்சள் அங்கியும் கொடுத்தார்கள். அங்கி பளபளத்தது, மதிப்புத்தான் வரவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பயிற்சிக்கு அடித்தால் ஒரு குஞ்சும் வெளியே வராது. “அடுப்புல சோறு வேகுது காளிமுத்தண்ணே. நெசத்துக்கு அடிக்கிறப்ப சொல்லுங்க, வாறோம்,” என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும். வெறும் கிரவுண்டில் அங்கியும் அவருமாக நின்றுவிட்டுத் திரும்புவார்.

ஜீவன் வீட்டுத் தகரக் கதை கொஞ்சம் வேறு. அப்போது அவர்களும் மேல் லயத்தில்தான் இருந்தார்கள். விடியக்காலையில் பீலிக்கரைக்குப் போய்த் தண்ணீர் பிடிப்பது அவன் வேலை. அன்றைக்கு மழைநீரில் பீப்பாய் நிரம்பி வழிந்ததால், போகாமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். அது அவன் அம்மா ஜெயராணிக்குத் தெரியாது. அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். தகரம் அடிபட்டதும், மகன் பீலிக்கரையில் நிற்கிறான் என்ற நினைப்பில், தங்கச்சியை வாரித் தூக்கிக்கொண்டு அவள் வெளியே ஓடினாள். ரோட்டுக்கு இறங்கிப் பீலிக்கரைப் பக்கம் பார்த்தாள். அங்கே வாளிகூட இல்லை. தங்கச்சியை யாரோ ஒருவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். மணிக்கட்டில் பிடித்து அவனை இழுத்தெடுத்தபோது அவளுடைய நகம் பதிந்து இரத்தம் வந்தது. அவனோ தகரச் சத்தத்தை இடி என்று நினைத்து அப்போதுதான் மறுபக்கம் புரண்டு படுத்திருந்தான். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் மட்டும் பயப்படத் தவறியவன் என்று தன்னைப் பற்றி ஜீவன் பிறகு நினைத்துக்கொள்வதுண்டு.

அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் மழை பெய்தால் கூப்பிடுவாள்.

“ஜீவா?”

“இருக்கேம்மா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “ஜீவா?” கக்கூசில் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். ஒரு தடவை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பதில் தாமதமாகி, அவள் இப்போது குடியிருக்கும் கீழ் லயம் முழுவதும் தேடிவிட்டாள். பிள்ளையை விட்டுவிட்டு ஓடியவள் என்று அவள் தன்னைத் தானே குற்றம் சாட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது ஜீவனுக்கு மட்டும்தான் தெரியும். அன்றைய அமளியில் வேறு யாரும் கவனிக்கவில்லை. லயத்தில் ஒரு காதுக்குப் போனால் பீலிக்கரையில் அது பத்து வாயால் திரும்பி வரும். அவள் தலை நிமிர்ந்து தண்ணீர் பிடிக்க முடியாது.

நாடகத்தில் சேர்ந்ததைச் சொன்னபோது அம்மா என்ன வேடம் என்றுகூடக் கேட்கவில்லை.

“தகரம் இருக்கா அதுல?”

“இல்லம்மா. மணிதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சொன்னபோது அது உண்மை. நிஸாம் சேரின் தோளில் தகரம் ஏறி வந்ததும் அது பொய்யாகிவிட்டது. பொய் சொல்லாமலேயே பொய்யனான ஆள் தோட்டத்தில் தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று ஜீவனுக்குத் தோன்றியது.

அன்றைய ஒத்திகையில் தடியை ஓங்கினான், இறக்க முடியவில்லை. கை காற்றில் உதறியது.

“அப்பிடித்தான்!” என்று கீழேயிருந்து கத்தினார் நிஸாம் சேர். “என்ன ஒரு நடிப்பு! அந்த நடுக்கத்த அப்பிடியே வெச்சிக்கோ மகன். இப்ப அடி.”

ஜீவன் அடித்தான். அழுகிற பிள்ளையை முதுகில் தட்டிக் கொடுப்பதுபோல இருந்தது.

“என்னடா, தகரத்தத் தூங்க வைக்கிறியா?”

“சேர், தகரம் வாணாம் சேர். வாயால கத்துறேனே.”

“ஏன்?”

ஏன் என்று சொன்னால் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை உட்பட எல்லாரும் காது தீட்டிக்கொண்டு நின்றார்கள். “கை வலிக்கிது சேர்,” என்றான்.

“மேடைப் பயம் மகன். எல்லாருக்கும் வாறதுதான். ரெண்டு தரம் அடிச்சாப் போயிரும்.”

அன்றைக்குப் பின்னேரம் எல்லாரும் போன பிறகு, ஜீவன் அந்தத் தகரத்தை இழுத்துக்கொண்டுபோய் ஆண் பிள்ளைகளின் கக்கூசுக் கூரைமேல் போட்டான். அங்கே ஏற்கெனவே ஒரு தகரத் துண்டு குறைவாகவே இருந்தது. காலையில் அதிபர் அதைப் பார்த்து, யாரோ பெற்றோர் சிரமதானம் செய்திருக்கிறார்கள் என்று காலைக் கூட்டத்தில் பாராட்டிப் பேசினார். நிஸாம் சேர் வேறு இரண்டு தகரங்களைக் கொண்டுவந்தார். ஒன்று மேடைக்கு, மற்றது, இதுவும் காணாமல் போனால் என்று, திரைக்குப் பின்னால் அவர் காலடியிலேயே வைத்துக்கொள்ள.

பிறகு காய்ச்சல் வரவழைக்கப் பார்த்தான். மழையில் வேண்டுமென்றே நனைந்தான். தும்மல்கூட வரவில்லை. பரீட்சைக் காலத்தில் சொல்லாமல் வருகிற காய்ச்சல், வேண்டிக் கூப்பிட்டால் வராது போலிருக்கிறது. அம்மா மட்டும் வாசலில் நின்று, “ஜீவா?” என்றாள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை காளிமுத்து. அவரிடம் போய், தனக்கு ஒன்றுமில்லை, தோட்டத்தின் நன்மைக்காகச் சொல்கிறேன் என்ற முகத்தோடு, நாடகத்தில் தகரம் அடிக்கப் போகிறார்கள் என்று போட்டுக் கொடுத்தான். மனுசர் அங்கியை மாட்டிக்கொண்டு பாடசாலைக்கே வந்துவிட்டார்.

“சேர், இது வெளையாட்டு இல்லிங்க. நாடகத்துக்குத் தகரம் அடிச்சா, நாளைக்கி நெசத்துக்கு அடிக்கிறப்ப, ஓ நாடகம் போடுறாங்கனு படுத்திருவாங்க. இப்பவே ஒருத்தனும் வாறதில்ல.”

“நாடகம் பாத்தாத்தான் காளிமுத்தண்ணன், தகரத்துட மதிப்புத் தெரியும்.”

இருவரும் கத்தினார்கள், பிறகு தேத்தண்ணீர் குடித்தார்கள். தேத்தண்ணீரில் ஒரு சமாதானம் பிறந்தது. நாடகம் தொடங்க முன்னர் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்வது: ‘இன்று அடிக்கப்படுவது நாடகத் தகரம். யாரும் பதற்றப்பட வேண்டாம்.’ காளிமுத்து அங்கியின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டு போனார். ஜீவனுடைய கடைசி நம்பிக்கையும் அவரோடு போனது.

அந்த முறை ரோடு பல இடங்களில் உடைந்து கிடந்ததால், பிள்ளைகளைக் கண்டிக்கு ஏற்றியிறக்க வேண்டாம், நாடகத்தை நடுவர்களே பாடசாலைக்கு வந்து பார்ப்பார்கள் என்று ஏற்பாடாகியிருந்தது. நடுவர்கள் வந்தால் தோட்டமும் வரும். அம்மாவும் வருவாள்.

“நாடகம் எத்தன மணிக்கிடா?”

“நாலு மணிக்கும்மா,” என்றான் ஜீவன். இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்றுக்குள் முடிந்துவிடும். இது பொய்யாகவே பிறந்த பொய். சொன்ன பிறகு சோறு இறங்கவில்லை.

போட்டி நாளன்று வானம் காலையிலிருந்தே கறுத்துக் கிடந்தது. மண்டபத்தில் வெள்ளைத் துணி விரித்த மூன்று கதிரைகளில் நடுவர்கள். மேடைக்குத் திரை, நிவாரணத்தில் வந்த படுக்கை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்தது. நடுவில் கொடுத்த நிறுவனத்தின் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. ஜீவன் திரையின் இடுக்கால் எட்டிப் பார்த்தான். மேல் லயம் போன பிறகு எல்லாரும் கிழமைக் கணக்கில் முகாமாகக் கிடந்தது இதே மண்டபத்தில்தான். இப்போதும் யாரும் சொல்லாமலே, ஒவ்வொரு குடும்பமும் முகாமில் தான் பாய் விரித்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே ஒரு சிறிய வெற்றிடம். அது ஜீவன் வீட்டாரின் இடம். வெறுமையாக இருந்தது. ஜீவன் மூச்சு விட்டான்.

அறிவிப்பு இரண்டு தடவை செய்யப்பட்டது. முதல் வரிசையில் இருந்த காளிமுத்து, அங்கியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்டதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்டது. சிரித்தார்கள்.

முதல் காட்சி நன்றாகப் போனது. மலை முறையிட்டது, ஜனங்கள் கைதட்டினார்கள். இரண்டாம் காட்சியில் ஜீவன் தன் முதல் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தபோது, மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே இடம் நிரம்பியிருந்தது.

அம்மா கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். தலைத்துண்டு அப்படியே, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மடியில், வழியில் பிள்ளைக் காப்பகத்தில் தூக்கிக்கொண்ட தங்கச்சி. அவனைப் பார்த்து அம்மா சிரிக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

ஜீவனுக்கு வசனம் எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியாது. கால்கள் தாமாக நடந்தன. சொற்கள் தாமாக வந்தன. மனம் மட்டும் மேடையின் ஓரத்தில் தொங்கிய தகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. அடிக்கப் போவதில்லை. அது முடிவாகிவிட்டது. அடிக்காமல் என்ன செய்வது என்பதுதான் முடிவாகவில்லை.

கடைசிக் காட்சி. வெளியே மழை இறங்கியது. மண்டபத்துக் கூரை முழுவதும் படபடவென்று சத்தம் பரவியது. சபையில் யாரோ நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை சிணுங்கியது. மேடையில் மலை சாயத் தொடங்கியது.

ஜீவன் தடியை எடுத்தான். ஓங்கினான். நின்றான்.

“அடி,” என்றது திரைக்குப் பின்னாலிருந்து நிஸாம் சேரின் ரகசியக் குரல்.

வாயால் கத்திவிடலாம் என்று பார்த்தான். ‘மலை வருது, ஓடுங்க’ என்ற மூன்று சொல்தான். வாயைத் திறந்தவன் சபையைப் பார்த்துவிட்டான். மூன்றாவது ஜன்னலில் அம்மா தங்கச்சியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கண்கள் தடியில் இருந்தன.

“டேய், அடிடா,” என்று மலை பல்லைக் கடித்தபடி முனகியது. “எவ்வளவு நேரம்தான் சாஞ்சே நிக்கிறது. இடுப்பு கழலுது.”

“மகன், தகரம்! தகரம்!”

ஜீவன் அசையவில்லை. மலையால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கிளைகள் உதிர, தொம்மென்று மேடையில் விழுந்தது. பலகை அதிர்ந்தது. நாடகம் கையைவிட்டுப் போகிறது என்று கண்ட நிஸாம் சேர், காலடியில் கிடந்த மற்றத் தகரத்தைத் தூக்கி, பஸ்ஸில் போய் வந்த அத்தனை நாளின் ஆத்திரத்தையும் சேர்த்து அடித்தார்.

அறிவிப்புச் செய்தது எல்லாருக்கும் ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் கூரையில் மழை, அதிர்ந்த பலகை, திரைக்குப் பின்னாலிருந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்த தகரம். மண்டபம் எழுந்துவிட்டது. கூச்சல் கிடையாது. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. கைப்பிள்ளைகள் தோளுக்கு ஏறின. வயசானவர்களைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். இரண்டு கதவாலும் சனம் வெளியே வழிந்தது. காளிமுத்து எழுந்து, “ஐயோ, நாடகம்! நாடகம்!” என்று கத்தினார். அவருக்குப் பழக்கமானபடியே ஒருவரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

வெளியே போகிற கூட்டத்துக்குள் ஒரே ஓர் உருவம் எதிர்ப்பக்கமாக வந்தது. தங்கச்சி ஒரு கையில். அம்மா மேடைப் படியைத் தேடவில்லை. படங்குச் சாக்கோடு விளிம்பில் கால் போட்டு ஏறி, விழுந்து கிடந்த மலையைத் தாண்டி வந்து, ஜீவனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பழைய இடத்திலேயே. தடி கீழே விழுந்தது.

“அம்மா, இது —”

அவள் இழுத்தாள். அவன் போனான்.

கிரவுண்டில் தோட்டமே மழையில் நின்றது. காளிமுத்து ஓடிவந்து சேர்ந்தார். இதற்குள் எப்படியோ அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியாக மண்டபத்திலிருந்து பச்சைச் சாக்கும் தேயிலைக் கிளையுமாகச் சுரேஸ் பாய்ந்து வந்தான்.

“மலையே ஓடி வந்துருச்சே,” என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். “நம்ம இனி எங்க போறது?”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அங்கங்கே பற்றியது. கூடவே சிலர் அழுதார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களும் உண்டு. காளிமுத்து ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு குடும்பமும் பதில் சொன்னது. கடைசிப் பெயரும் முடிந்த பிறகு, மழைத் தண்ணீரைத் துடைப்பதுபோல முகத்தைத் துடைத்தார்.

“வந்துட்டீங்களேடா,” என்றார். “எல்லாரும் வந்துட்டீங்களே.”

“இன்னிக்கி அடுப்புல சோறு இல்லண்ணே,” என்றது ஒரு குரல்.

ஜீவன் இன்னும் அம்மாவின் பிடியில் இருந்தான். பொய் இரண்டும் நனைந்துபோய் வெளியே தெரிவதுபோல இருந்தது அவனுக்கு.

“அம்மா. அது நாடகத்துக்கு அடிச்சதும்மா. ஆரம்பத்துல அறிவிப்புக் குடுத்தாங்க. நீங்க அப்ப இல்ல.”

“இருந்தேன்,” என்றாள் அம்மா. “வாசல்ல நின்னு கேட்டேன். நாலு மணினு நீ சொன்ன மொகத்தப் பாத்துட்டுத்தான், கங்காணிகிட்ட சொல்லி வெள்ளனமே வந்தேன்.”

அவனுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. “தெரிஞ்சுக்கிட்டா ஓடி வந்தீங்க?”

“தெரிஞ்சா?” அவள் அவனைப் பார்க்காமல் சேற்றைப் பார்த்துச் சொன்னாள். “தெரிஞ்சா மட்டும் காலு நிக்குமாடா?”

பிறகு, மிகவும் மெதுவாக: “அன்னிக்கி காலு முந்திக்கிட்டு ஓடுச்சு. இன்னிக்கி ஒன்கிட்ட வந்துச்சு.”

அவள் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. “நான்தாம்மா பீலிக்குப் போகாம படுத்துக் கெடந்தேன்,” என்றான் ஜீவன்.

அப்போது நடுவர்கள் மூன்று பேரும் ஒரே குடைக்குள் நெருக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். நடுவில் நின்ற அம்மையார் யாழ்ப்பாணத்தவர்.

“சேர், இது உண்மையா ஏதும் நடந்திட்டுதோ, இல்லாட்டி நாடகம்தானோ?”

“நாடகம்தான்,” என்றார் நிஸாம் சேர், ஈரக் கோழிபோல.

“ஓம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பார்க்க வந்த சனத்தையும் நடிக்க வைச்சது நல்ல உத்தி. எவ்வளவு இயல்பு! நான் புள்ளியும் போட்டிட்டன்.” மற்ற இருவரும் தலையாட்டினார்கள். “மிச்சம் எப்ப? முடிவைப் பார்க்காமல் நாங்கள் போகேலாது.”

நிஸாம் சேர் ஜீவன் பக்கம் திரும்பினார். அம்மாவின் கை அவன் மணிக்கட்டில் இருந்ததைப் பார்த்தார். ஏன் கை வலித்தது என்று அவருக்கு இப்போது புரிந்திருக்க வேண்டும்.

“தகரம் வாணாம் மகன்,” என்றார். “வாயால கத்து. போதும்.”

ஜீவன் அம்மாவைப் பார்த்தான். அவள் அவன் கையை விட்டாள். விட்ட இடத்தில் அவளுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“நீயே அடி,” என்றாள்.

“அம்மா?”

“யாரோ ஒளிஞ்சு நின்னு அடிக்க வேணாம். நீ அடி. நீ அடிச்சாத்தான் நீ எங்க நிக்கிறனு எனக்குத் தெரியும்.”

சனம் நனைந்த உடுப்போடு மண்டபத்துக்குத் திரும்பியது. அவரவர் இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் பிள்ளைகளை யாரும் கீழே இறக்கவில்லை. செருப்பை யாரும் கழற்றவில்லை. திரை விலகியது. பாதிக் கிளை உதிர்ந்துபோன மலை, எழுந்து நின்று, மறுபடியும் முதலிலிருந்து சாயத் தொடங்கியது.

“இந்தத் தடவ அடிச்சிருவதானே?” என்று வாயை அசைக்காமல் கேட்டது.

ஜீவன் தடியை எடுத்தான். கை நடுங்கியது. இந்த நடுக்கத்துக்கும் யாராவது புள்ளி போடுவார்கள். பயம் போகவில்லை, அட்டைக்கும் கணிதத்துக்கும் பக்கத்தில் நிரந்தரமாகப் பாய் விரித்துவிட்டது என்று நினைத்தான். தகரத்துக்கு முன்னால் போய் நின்றான். மூன்றாவது ஜன்னலைப் பார்த்தான்.

அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. தங்கச்சியை இடுப்பில் வைத்தபடி, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். கூரையில் மழை கொட்டியது. அவள் உதடு அசைந்தது. அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவள் என்ன கேட்டாள் என்று அவனுக்குத் தெரியும். பதில் சொல்ல வேண்டும்.

ஓங்கி அடித்தான்.